ஆம் அசோசியேட்ஸும் ஒரு டம்ளர் மோரும்

தத்துவ முதலாளி என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்றால், அவரிடமே வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள், நிமிர்ந்து பார்க்க நேரமில்லை என்று அர்த்தம். சாதாரண முதலாளிக்குத் தொழில் நடந்தால் போதும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். இவருக்குப் போதாது. ஒரு தொழிலைப் பத்துப் பதினைந்து வருஷம் ஒழுங்காகச் செய்து, நாலு பேர் மதிக்க ஆரம்பித்ததும், அந்த மதிப்பு தன் வேலைக்காக வருகிறது என்ற சின்ன உண்மை இவருக்குக் கசக்கத் தொடங்கும். தனக்குள் ஏதோ ஒரு பெரிய உண்மை குடியிருக்கிறது, அதுதான் இத்தனை நாளும் வாடிக்கையாளர்களை மாடிப்படி ஏற வைத்தது என்று தோன்றும். தோன்றிய மறுவாரம் பெயர்ப்பலகை மாறும். அதற்கு அடுத்த வாரம் மாறுவது அங்கே வேலை செய்கிறவர்களின் தலையெழுத்து.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னைக்கு மேற்கே இந்த இனம் நன்றாகப் பெருகிற்று. ஆவடியில் ஒரு வக்கீல் ஆபீஸ் 'சாந்தம்' ஆயிற்று. உள்ளே நடந்ததெல்லாம் விவாகரத்து. பூந்தமல்லியில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட் 'மௌனம்' ஆயிற்று. ஆனால் சாந்தமும் மௌனமும் யாருடைய கூரையையும் பிடுங்கவில்லை. நாம் பார்க்கப் போகிற கோவிந்தராஜ் கொஞ்சம் உயர்ந்த ஜாதிச் சரக்கு.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் அவர் ஆபீஸ். 'கோ. கோவிந்தராஜ், எல்.சி.இ., மனை அளவை, வீட்டு பிளான்' என்று நீலத் தகரத்தில் வெள்ளை எழுத்து. மனை வாங்க நினைக்கிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அவரைக் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டுவார்கள். அவர் மொபெட்டை நிறுத்துவார், பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டுவார், இடத்தைச் சுற்றி ஒரு நடை நடப்பார், பக்கத்துக் கரண்ட் கம்பத்தில் போன மழையின் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று குனிந்து பார்ப்பார், ஆடு மேய்க்கிறவர் யாராவது அகப்பட்டால் ஒரு பீடியைக் கொடுத்துப் பேச்சுக் கொடுப்பார். எல்லாம் முடிந்து ஒரு வார்த்தை சொல்வார். "ஆவும்." அல்லது, "ஆவாது."

அந்த "ஆவாது"தான் அவருடைய சொத்து. ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்கள் மதுரை, திருநெல்வேலி, தர்மபுரி என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். ரிட்டயர் ஆவதற்குள் சொந்தமாக ஓர் இடம் வேண்டும். ஆனால் இந்தப் பக்கத்தில் எது வயல், எது ஏரி என்று அவர்களுக்குத் தெரியாது. சித்திரை வெயிலில் எல்லா ஏரியும் மனை மாதிரிதான் இருக்கும். கல் நட்டு, கலர் கொடி கட்டி, 'நகர்' என்று பெயரும் வைத்துவிட்டால் அந்த ஏரியில் மீன் பிடித்தவனுக்கே அடையாளம் தெரியாது. கோவிந்தராஜுக்குத் தெரியும். திருமழிசையிலிருந்து மேனாம்பேடு வரை, "கோவிந்தராஜே ஆவாதுன்னுட்டாரு" என்றால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. புரோக்கர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். ஏமாறாமல் தப்பித்தவர்கள் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தார்கள்.

இத்தனையையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் ஞானகுமாரி. ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு முடித்த கையோடு அந்த ஆபீஸில் சேர்ந்தவள். பிளான் வரைவாள், இடத்துக்குப் போனால் அளவு டேப்பின் மறுமுனையைப் பிடிப்பாள். எண்பத்தைந்து மழையில் நூம்பலில் ஒரு மனையைப் பார்க்க அவரோடு போனது அவளுடைய முதல் வெளிவேலை. தண்ணீர் முழங்காலுக்கு மேல் நின்றது. டேப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்ற அவளிடம் கோவிந்தராஜ், "நல்லாப் பாத்துக்கோம்மா. இது தாங்கலோட உள்வாய், ஏரித் தண்ணி வந்து நிக்கிற எடம். இந்த எடம் இந்த ஜென்மத்துல ஆவாது" என்றார். அவளுக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. இப்படி ஒரு மனிதரிடம் வேலை செய்கிறோம் என்று வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னாள்.

பிறகு தொண்ணூற்று மூன்று வந்தது. தத்துவமும் வந்தது.

தத்துவம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு வரலாறுகள் உண்டு. அவர் மகாபலிபுரத்து ஹோட்டல் ஒன்றில் கோட்டு போட்ட ஒருவர் நடத்திய ஆளுமைப் பயிற்சி முகாமுக்குப் போய், பையும் பேட்ஜுமாகத் திரும்பி வந்தார் என்பது ஆபீஸ் வரலாறு. அவரே சொல்கிற வரலாறு வேறு. அம்பத்தூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. மொபெட்டில் காத்திருந்தவருக்குச் சட்டென்று உள்ளே ஒரு வெளிச்சம். "கேட் மூடுவதே திறப்பதற்காகத்தான். இல்லை என்று ஒன்று கிடையாது. எல்லாம் தாமதமான ஆம்." அந்த கேட்டில் அன்றைக்கு இன்னும் நூறு பேர் காத்திருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் ஃபாக்டரிக்கு லேட் என்பது மட்டும்தான் விளங்கிற்று.

நீலத் தகரம் இறங்கியது. 'ஆம் அசோசியேட்ஸ்' என்று உள்ளே விளக்கு எரிகிற பலகை ஏறியது. அதில் கோவிந்தராஜ் மோவாயில் கை வைத்துக்கொண்டு தூரத்தில் எதையோ பார்த்தார். சைக்கிள் கடைக்காரருக்கு அது எதிர்ச்சாரி லாலா கடையாகத் தெரிந்தது. காலையில் வேலை தொடங்கும் முன்னால் எல்லோரும் வட்டமாக நின்று, நெஞ்சில் கை வைத்து, கண்ணை மூடி "ஆம்" சொல்ல வேண்டும். ஃபோனை எடுத்தால் ஹலோ கூடாது, "ஆம், வணக்கம்." ஆளுக்கு இரண்டு மாம்பழக் கலர் சட்டை, ஞானகுமாரிக்கு அதே கலரில் புடவை. வருஷக் காலண்டரில் சாமி படம் போய், மாதத்துக்கு ஒன்றாகக் கோவிந்தராஜின் பொன்மொழிகள் வந்தன. இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். தத்துவ முதலாளிகளிடம் வேலை செய்கிறவர்கள் இதைவிட மோசமான கலர்களைப் பார்த்திருக்கிறார்கள்.

சகிக்க முடியாதது ஒன்று இருந்தது. இல்லை, முடியாது, கஷ்டம், ஆவாது என்ற வார்த்தைகள் ஆபீஸ் எல்லைக்குள் தடை செய்யப்பட்டன.

யோசித்துப் பாருங்கள். ஏரியில் வீடு கட்டாதே என்று சொல்வதற்காகவே ஜனங்கள் படியேறி வருகிற ஓர் ஆபீஸ். அங்கே "ஆவாது" சொல்லக் கூடாது. கறிக்கடைக்காரர் திடீரென்று ஜீவகாருண்யம் பேசினாலும் ஒரு நியாயம் இருக்கும். அவர் கடையையாவது மூடுவார். இவர் கடையைத் திறந்தும் வைத்திருந்தார்.

சீனியர் டிராஃப்ட்ஸ்மேன் வேதமுத்து இந்த நியதியை ஒரே ஒரு தடவை மீறினார். காலை வட்டத்தில் கோவிந்தராஜ் ஒரு பிளானைத் தூக்கிக் காட்டி, "ரோடு இருபதடி இருக்கா?" என்று கேட்க, வேதமுத்து பழக்க தோஷத்தில், "இல்ல சார்" என்றுவிட்டார். கோவிந்தராஜ் கோபப்படவில்லை. இந்த இனம் கோபப்படாது, வருத்தப்படும். வேதமுத்துவின் தோளில் கை போட்டு, "உங்களுக்குள்ள ஒரு கேட் மூடியிருக்குது வேதமுத்து. அது தொறக்கிற வரைக்கும் ஊட்ல ரெஸ்ட் எடுங்க" என்றார். வேதமுத்து அந்த ரெஸ்டிலிருந்து திரும்பவே இல்லை. ஞானகுமாரியின் கணவன் சத்தியராஜ் வேலை பார்த்த கம்பெனி அப்போது கதவடைப்பில் கிடந்தது. வீட்டில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில். அவள் நெஞ்சில் கையை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டு "ஆம்" சொல்லக் கற்றுக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் உத்தமன் வந்தார். ஆவடி குவார்ட்டர்ஸ்காரர், நாங்குநேரிப் பக்கம். திருமழிசையில் ஓர் இடம் பார்த்திருந்தார்; பத்திர நகலை ஞானகுமாரியின் மேஜையில் பரப்பினார். பார்த்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாய் அந்த மனையின் நடுவில் ஓடியது.

"எப்படித் தங்கச்சி, வாங்கலாமா?" என்றார் உத்தமன். கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே கோவிந்தராஜ் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆம்" என்றாள் ஞானகுமாரி. சொல்லிவிட்டு அவளால் உத்தமன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த மனிதர் பி.எஃப். லோன் போட்டுக் கால்வாயை வாங்கப் போகிறார். வேறு எதுவும் செய்யத் தோன்றாமல், மதியச் சாப்பாட்டுக்கு என்று வைத்திருந்த மோரை ஒரு டம்ளரில் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். "வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல இதக் குடிங்க அண்ணாச்சி. குடிச்சிட்டு, பொறுமையா யோசிங்க."

உத்தமன் குடித்தார். குடித்துக்கொண்டே டம்ளருக்கு மேலாக அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. டம்ளரைக் கீழே வைத்தார், பத்திர நகலை மடித்தார். "சரி தங்கச்சி, வெளங்கிட்டு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இடத்தை வாங்கவில்லை. குவார்ட்டர்ஸில் போய்ச் சும்மாவும் இருக்கவில்லை.

இரண்டு மாதத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆம் அசோசியேட்ஸில் எல்லாவற்றுக்கும் "ஆம்"தான். ஆனால் டீ கொடுத்தால் வாங்கலாம், மோர் கொடுத்தால் வாங்கக் கூடாது. பிரிண்ட் எடுக்கிற அட்டெண்டர் வேம்புலி, விஷயத்தின் கனம் தெரிந்து, மூலையில் மணல் கொட்டி ஒரு பானையை வைத்து, இஞ்சி கறிவேப்பிலை தட்டிப் போட்டு அதை ஓர் இலாகாவாகவே நடத்தினான். புரோக்கர் சுலைமான் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் கண் பானைப் பக்கமே இருக்கும். வேம்புலி கரண்டியைத் தொட்டால் போதும், அவருக்கு வியர்த்துவிடும்.

"இன்னா வேம்புலி, என் பார்ட்டிக்கு டீ சொல்லக் கூடாதா? நான் காசு தர்றேன்பா."

"வெயிலு ஜாஸ்தியா கீது பாய். மோருதான் ஒடம்புக்கு நல்லது."

வியாபாரம் பெருகிற்று. வாய் ஆம் என்றும் பானை ஆவாது என்றும் சொல்கிற ஆபீஸ் வேறு எங்கே கிடைக்கும்? பூந்தமல்லியிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். கோவிந்தராஜ் இதை எப்படிப் புரிந்துகொண்டார் என்று கேட்கவே வேண்டாம். தத்துவம் வேலை செய்கிறது. மோரும் அவர் கண்ணில் படாமல் இல்லை. அவருக்கு அதில் ரொம்பத் திருப்தி. அடுத்த வருஷக் காலண்டரில் மே மாதத்துக்கு, 'வந்தவர்க்கு மோர், வாழ்க்கைக்கு ஆம்' என்று அச்சடித்தார். அந்தக் காலண்டரை வீட்டில் மாட்டியவர்களுக்கு மே மாதம் வந்ததும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. சிரிப்பின் காரணம் தெரியாத ஒரே வீடு, காலண்டர் போட்டவர் வீடு. முதலாளி வீட்டு அம்மாவிடம் போய் முதலாளியைப் பற்றி யார் சொல்வார்கள்?

தத்துவம் முற்றினால் அதற்கு ஒரு கட்டடம் வேண்டியிருக்கும். கோவிந்தராஜுக்கும் வேண்டியிருந்தது. 'ஆம் பவன்': கீழே ஆபீஸ், மேலே தியான மண்டபம், வாசலில் எப்போதும் திறந்தே இருக்கும் ஒரு ரயில்வே கேட். இடம் நூம்பலில். அதே இடம். எண்பத்தைந்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்று, இந்த ஜென்மத்தில் ஆவாது என்று அவரே சொன்ன இடம். இப்போது கல் நட்டு, கொடி கட்டி, ஒரு நகராகியிருந்தது. வாங்குவதற்கு அவர் மனைவி பத்மாவின் அப்பா அவளுக்கு எழுதி வைத்த மேனாம்பேடு மனையை விற்க வேண்டும். மேட்டு நிலம். என்றாவது ஒரு நாள் அங்கே கிணறு தோண்டி, நாலு தென்னை வைத்து, சின்னதாக ஒரு வீடு என்று பத்மா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த இடம்.

ஒரு வெள்ளிக்கிழமைக் காலை வட்டத்துக்குப் பத்மாவும் வந்தாள். சுலைமானும் வந்தார், இடம் அவர் மூலமாகத்தான். கோவிந்தராஜ் நூம்பல் வரைபடத்தைச் சுவரில் குத்தினார். "சொல்லுங்க. இது நம்ம குடும்பம். மனசுல பட்டதச் சொல்லணும். இந்த எடத்த வாங்கலாமா?"

"ஆம்" என்றது வட்டம்.

"ஞானம், நீ சொல்லும்மா. நீதான் இருக்கிறதுலயே சீனியர்."

வேதமுத்து நின்ற இடம் காலியாக இருந்தது. ஞானகுமாரியின் கண் அங்கே போயிற்று. 'சார், இது தாங்கலோட உள்வாய், நீங்கதான சொன்னீங்க' என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். வீட்டு வாடகை ஞாபகம் வந்தது. பிள்ளையின் பள்ளிக்கூட ஃபீஸ் ஞாபகம் வந்தது. "ஆம் சார்" என்றாள். சொல்லிவிட்டு நேராகப் பானைக்குப் போனாள். இரண்டு டம்ளர் மோர் கொண்டுவந்து ஒன்றை அவர் கையிலும் ஒன்றைப் பத்மா கையிலும் கொடுத்தாள்.

ஆபீஸ் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. சுலைமான் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை இந்தப் பேரம் அத்தோடு முடிந்துவிட்டது.

கோவிந்தராஜ் ஒரு வாய் குடித்தார். முகம் மலர்ந்தது. "பாரு பத்மா, நல்ல சேதி சொன்னதும் குளுகுளுன்னு கொண்டாந்து குடுக்குது. இதான் பண்பாடு." மிச்சத்தையும் குடித்தார்.

பத்மா டம்ளரை மேஜைமேல் வைத்தாள். "எனக்கு மோரு ஆவாதுங்க. நெஞ்சுல சளி."

வட்டம் அதிர்ந்து போயிற்று. அந்த வார்த்தை அந்த ஆபீஸில் காதில் விழுந்து வருஷங்கள் ஆயிற்று. அன்றைக்கு அங்கே சொல்லப்பட்ட ஒரே உண்மையான ஆவாது அதுதான். அதுவும் மோரைப் பற்றி. கோவிந்தராஜ் வருத்தத்தோடு கண்ணை மூடித் திறந்தார். "இதான் பத்மா, இந்தச் சொல்லுதான் மனுஷன முன்னேற உடாது. குடி. ஆம்னு சொல்லிக் குடி. சளியே வராது." எல்லோர் முன்னிலும் அவளைக் குடிக்க வைத்தார். அவள் இருமிக்கொண்டே குடித்தாள். அவர் வேம்புலியிடம் தன் டம்ளரை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா" என்றார்.

வேம்புலி விளிம்பு வரை ஊற்றினான். அதைவிடச் சத்தமாக அவனால் சொல்ல முடியாது.

மேனாம்பேடு மனை போயிற்று. தை மாதம் நூம்பலில் பூமி பூஜை. ஐப்பசிக்குள் தரைத்தளம் எழும்பி, சிவப்பு வெள்ளைப் பெயின்டில் ரயில்வே கேட்டும் வந்துவிட்டது. கார்த்திகையில் திறப்பு விழா, அழைப்பிதழ் அச்சாகி வந்தது. அதே வாரம் மழையும் வந்தது.

மழை விட்ட காலையில் எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். ஆம் பவனின் ஜன்னல் விளிம்பு வரை தண்ணீர். தாங்கல் தன் பழைய இடத்துக்கு வந்து சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. ரயில்வே கேட் மட்டும் நல்லபடியாகத் திறந்திருந்தது. அதன் வழியாகத்தான் தண்ணீர் வந்தது. பத்மா ரோட்டு மேட்டில் குடையோடு நின்றாள். கோவிந்தராஜ் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். போய்க் கரண்ட் கம்பத்தடியில் குனிந்தார். பழைய கறை இருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடமும் இல்லாமல், பழைய குரலில் சொன்னார்.

"ஆவாது."

ஞானகுமாரிக்கு அழுகை வந்தது. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று.

அவர் திரும்பினார். "ஞானம், அன்னிக்கு இங்க டேப்பு புடிச்சிகினு நின்னது நீதான?"

"ஆம் சார்" என்றாள். அவளுக்கே தன் வாயை அடிக்க வேண்டும்போல் இருந்தது.

"அப்புறம் ஏம்மா? இத்தினி பேர் இருந்தீங்களே, ஒருத்தராவது ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

வேம்புலிதான், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "சொன்னோமே சார்" என்றான். "நீங்கதான் ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சீங்க."

"இன்னாது?"

"டீ குடுத்தா எடம் ஆவும், மோரு குடுத்தா ஆவாது. ஊருக்கே தெரியும் சார். பாயக் கேளுங்க. ஆவடி பூரா தெரியும்."

ரோட்டு மேட்டிலிருந்து பத்மா ஞானகுமாரியைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. "எனக்குத் தெரியாதே ஞானம்" என்றாள் மெதுவாக. "எங்கிட்டயாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே." ஞானகுமாரிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஊரில் எத்தனையோ பேரைக் காப்பாற்றிய அந்த மோரை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும்தான் ஊற்றினோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இன்றைக்கும் அவள் வீட்டில் மோர் கடைவதில்லை.

கோவிந்தராஜ் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. பொங்கலுக்குள் விளக்குப் பலகை இறங்கி இன்னொன்று ஏறியது. 'ஏற்பு கன்சல்டன்ட்ஸ்.' வருவதை ஏற்றுக்கொள், தண்ணீரே ஆனாலும். நூம்பலில் முழங்கால் தண்ணீரில் நின்றபோது உள்ளே ஒரு வெளிச்சம் வந்ததாம். அன்றைக்கு அவரோடு தண்ணீரில் நின்ற மற்றவர்களுக்குச் சேற்றுப்புண்தான் வந்தது. புதிய புடவை ஆகாய நீலம். பத்மாவின் தென்னை மரங்களைப் பற்றி ஒரு பொன்மொழியும் இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன மாதம் வீட்டிலோ, ஆபீஸிலோ, காலனிச் சங்கத்திலோ நீங்கள் ஒரு யோசனை சொன்னீர்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் உடனே சரி என்றார்கள். உங்களுக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அன்றைக்கு அவர்களில் யாராவது, எதுவும் பேசாமல், உங்கள் கையில் குடிப்பதற்கு ஏதாவது கொடுத்தார்களா என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். நன்றாக இருக்கிறதென்று இன்னொரு டம்ளர் கேட்டீர்களா?